ஈயத்தாள் பெட்டிக்குள் பேஸ் கித்தார்

யந்திரம் பழுதுபார்க்கிற பிட்டர் நாகரத்தினம் எந்த யந்திரத்தையும் நம்பமாட்டார். கேமரன் மலைத் தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்குப் பெயரும் சோறும் வாங்கிக் கொடுத்தது அந்தக் குணம்தான். கொழுந்து அரைக்கும் உருளைகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துக் கேட்பார். "சத்தம் நல்லாத்தான இருக்கு?" என்று யாராவது கேட்டால், "அதான் யோசனையா இருக்கு" என்பார். நன்றாக ஓடிய யந்திரத்தை நம்பி விரலைக் கொடுத்தவர்கள் இரண்டு பேர் அதே தொழிற்சாலையில் இருந்தார்கள்.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். சேலத்துப் பக்கமிருந்து எட்டு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்தவர். இருபத்தைந்து வருடம் மலையில் இருந்தும் சட்டைப்பையில் கிடந்தது சிவப்பு அடையாள அட்டைதான். நீல அட்டைக்காரன் இந்த நாட்டுக்காரன்; சிவப்பு அட்டைக்காரன் இருந்துகொள்ளலாம் என்று விடப்பட்டவன். வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது அவர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஏழு குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு கப்பலுக்குப் போனதை வாசலில் நின்று பார்த்தவர் அவர். அன்றிலிருந்து வாசலில் புது ஆள் யார் வந்தாலும், முதலில் கையில் காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அப்படிப்பட்டவர் நம்பிய மனிதன் ஒரே ஒருவன். பெயர் காளியண்ணன். லயத்தில் பக்கத்து வீட்டில் வளர்ந்தவன், மலையிலேயே பிறந்தவன், நீல அட்டைக்காரன். தோட்ட வேலை பிடிக்காமல் கோலா தெர்லாவுக்குப் போய், கோசும் தக்காளியும் ஏற்றுகிற காய்கறி லோரிக்கு ஓட்டுநராகி, வாரம் ஒருமுறை ஈப்போ, கோலாலம்பூர் என்று போய்வந்துகொண்டிருந்தான். நாகரத்தினம் சொல்லாததையும் அவன் புரிந்துகொள்வான். சொன்னதை வெளியே விடமாட்டான். ஒரு மனிதனுக்கு இப்படி ஒருவன் போதும் என்றுதான் நாகரத்தினமும் இருந்தார். அந்த ஒருவனை இழக்கப் பார்த்த கதை இது.

எழுபத்து நாலில் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி அர்ஜுனன் ஓர் இன்னிசைக் குழு ஆரம்பித்தார். அர்ஜுனனுக்குக் குரல் இருந்தது. அக்கார்டியன் வாசிக்க ஓர் ஆள், தபேலாவுக்கு ஓர் ஆள், சாதாக் கித்தாருக்கு ஓர் ஆள் கிடைத்தார்கள். அடியில் உறுமிக்கொண்டு பாட்டைத் தாங்குகிற சத்தம் மட்டும் இல்லை. தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் ஓட்டை போட்டு, கயிறு கட்டி, துடைப்பக் கட்டையால் இழுத்துப்பிடித்து அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்தவர் நாகரத்தினம். நாளெல்லாம் யந்திரத்தின் அடிச்சத்தத்தையே கேட்ட காது அல்லவா? முதல் திருவிழாவிலேயே ஜனங்கள் அவரைத்தான் பார்த்தார்கள். கொஞ்சம் சிரித்துக்கொண்டுதான் பார்த்தார்கள். அடுத்த மாதமே உண்மையான பேஸ் கித்தார் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று.

ஈப்போவில் ஒரு சீனரின் பழைய சாமான் கடையில் இரண்டு கித்தார்கள் தொங்கின. ஒன்று செக்கச்செவேல் என்று பளபளத்தது. மற்றொன்று பழுப்பு நிறம், ஓரமெல்லாம் பெயர்ந்தது. உடன் வந்த காளியண்ணனுக்குச் சிவப்பின் மேல் கண்.

"மேடையில நின்னா நாலு பேரு பாக்கணும்லா" என்றான்.

நாகரத்தினம் பெயின்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "புதுசா அடிச்சிருக்கான். அடிச்சிருக்கான்னா உள்ள எதையோ மறைக்கிறான்" என்றார். பிறகு பழுப்பை எடுத்து, அதன் கழுத்தைக் கண்ணுக்கு நேராகத் துப்பாக்கி போலப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நுனிவரை பார்த்தார். தொழிற்சாலையில் தண்டு கோணலா நேரா என்று பார்க்கிற பார்வை அது. கழுத்து நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. காளியண்ணனும் அதை வாங்கித் தோளில் மாட்டி, கடைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தான். "இதுதான் கனம் கம்மி, ரத்தினம். கல்யாண வீட்டுல நாலு மணி நேரம் நிக்கப்போறது நீதான்" என்று சொல்லி, சிவப்பைக் கைகழுவினான். பழுப்புக் கித்தார் மலையேறியது.

மலைக்கு வந்ததும் அதை அப்படியே வாசிக்க அவருக்கு மனம் வரவில்லை. மேடையில் குழல் விளக்கு எரிந்தால் கித்தார் ஆம்ப்ளிபையரில் வண்டுபோல ரீங்கரித்தது. தேயிலைப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டுகிற ஈயத்தாளை உரித்து, கித்தாரின் வயிற்றுக்குள் காந்தம் இருக்கும் பள்ளம் முழுக்க ஒட்டி, ஒரு கம்பியால் இணைத்தார். ரீங்காரம் நின்றது. கம்பிகள் உட்காரும் இரும்புத் துண்டுகள் துருப்பிடித்ததால், பித்தளையில் நாலு துண்டு தொழிற்சாலைக் கடைசலில் பிடித்துப் போட்டார். மூடுபனி நாளில் கழுத்தின் பின்பக்கத்து வார்னிஷ் கையில் பிசுபிசுத்தது; மூன்று வருடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு உடைந்த கண்ணாடிச் சில்லால் அதைச் சுரண்டி எடுத்து, வெறும் மரம் தெரியும்வரை தேய்த்தார். கட்டைவிரல் வெண்ணெயில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்தச் சுரண்டலைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை.

கித்தார் வந்த வருடமே செய்தது பெட்டி. அந்த மலையில் ஒரு மழைக்காலம் போனால் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை முகத்தில் பூஞ்சணம் பூத்திருக்கும். பூட்ஸுக்குள் காளான் முளைத்தாலும் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். எனவே தேயிலைப் பெட்டிப் பலகையிலேயே கித்தாருக்கு நீளப்பெட்டி அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டி, அதன் மேல் பழைய கம்பளியை விரித்தார். நாலு மூலையிலும் நாலு துணிப்பை. பையில் தேயிலை. அடுப்பிலிருந்து இறங்கிய தேயிலை ஈரத்தைக் குடிக்கும் என்பது தொழிற்சாலையில் கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். அதற்காகத்தானே அதை ஈயத்தாளில் அடைக்கிறார்கள்? கச்சேரிக்குப் பெட்டி புறப்படும் முதல் நாள் சாயங்காலம், நாலு பையிலும் சூடு ஆறாத தேயிலையை நிரப்பி, மூடி, பூட்டுவார். மற்ற நாளில் கித்தார் வீட்டுச் சுவரில், அடுப்படிப் பக்கம், திறந்தாற்போல் தொங்கும். பயணத்துக்குத்தான் பாதுகாப்பு.

பயணம்தான் பிரச்சினை. அந்த நாளில் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று தாப்பாவுக்கு இறங்கும் சாலையில் ராணுவம் அடிக்கடி வழிமறிக்கும். கையில் நீளமான பெட்டி, பையில் சிவப்பு அட்டை. அந்த இரண்டும் ஒன்றாகத் துப்பாக்கிக்காரன் முன்னால் போய் நிற்கக்கூடாது என்பது நாகரத்தினத்தின் முடிவு. அதனால் ஓர் ஏற்பாடு. வியாழக்கிழமை காய்கறி லோரி தோட்டத்து முனையில் நிற்கும். கோஸ் கூடைகளுக்கு மேலே ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிபையர், கித்தார் பெட்டி எல்லாம் ஏறும். ராணுவத்தான் கேட்டால் திறந்துகாட்ட, பெட்டிச் சாவி ஒன்று காளியண்ணன் கையில். ஈப்போவில் சாமான்களை அவன் மச்சினன் மாடசாமி வீட்டில் இறக்குவான்; கச்சேரி நேரத்துக்கு மாடசாமி அவற்றை மேடைக்குக் கொண்டுவந்து சேர்ப்பான். சனிக்கிழமை நாகரத்தினம் கையை வீசிக்கொண்டு பஸ்ஸில் போய்ச் சேர்வார்.

மாடசாமியும் பேஸ் வாசிப்பவன்தான். ஈப்போவில் ஒரு குழுவில் இருந்தான். இந்தச் சங்கதி மூன்று வருடமாக நாகரத்தினத்துக்குத் தெரியும்; மூன்று வருடமும் அதில் தவறாக எதுவும் தெரியவில்லை.

எழுபத்து ஏழில் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணம். முதல் பாட்டில் முதல் கம்பியைத் தொட்டதும் கித்தார் கரகரத்தது. தகரத்தில் மழை பெய்ததுபோல ஒரு சத்தம். கம்பிகள் கழுத்தில் பதித்த மெட்டுகளில் இடித்தன. பக்கத்தில் நின்ற அர்ஜுனன் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். திங்கட்கிழமை மலைக்கு வந்த கித்தாரைச் சுவரில் மாட்டினார் நாகரத்தினம். புதன்கிழமை எடுத்து வாசித்தால் சத்தம் சுத்தம். அடுத்த மாதம் தெலுக் இந்தானில் மறுபடி கரகர. மலைக்கு வந்தால் மறுபடி சுத்தம். இப்படியே ஐந்து கச்சேரிகள். மலையில் ஒழுங்காக இருக்கிற கித்தார், காளியண்ணன் லோரியில் ஏறி மாடசாமி வீட்டில் இறங்கினால் மட்டும் கெட்டுப்போகிறது.

ஒவ்வொரு முறையும் மேடையேறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் அது அவர் கைக்கு வரும். அவசர அவசரமாகப் பித்தளைத் துண்டுகளைப் பார்ப்பார், முறுக்காணிகளைப் பார்ப்பார். கழுத்தைப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. அது அவரே ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்து எடுத்த கழுத்து. அவர் சந்தேகப்படாத ஒரே பொருள் அதுதான்.

ஐந்தாவது கச்சேரி முடிந்து, அர்ஜுனன் அவரை ஓரமாக அழைத்துப் போனார். மரியாதையாகத்தான் பேசினார். பொங்கலுக்கு ஈப்போவில் பெரிய கலைவிழா இருக்கிறது, நாலு குழுக்கள் வருகின்றன, இன்னொரு தடவை இப்படி ஆனால் பேர் கெட்டுவிடும், அப்புறம் அண்ணன் கோபித்துக்கொள்ளக்கூடாது, மாடசாமியைக் கேட்டால் வருகிறேன் என்கிறான், என்றார்.

மாடசாமி என்ற பெயர் காதில் விழுந்ததும் நாகரத்தினத்தின் மனசுக்குள் ஒரு பல்சக்கரம் இன்னொன்றில் போய் மாட்டியது. வியாழனிலிருந்து சனி வரை கித்தார் யார் வீட்டில் இருக்கிறது? சாவி யார் கையில் இருக்கிறது? தன் இடம் போனால் அந்த இடத்துக்கு யார் வரப்போகிறான்? கடையில் கனம் பார்க்கிற சாக்கில் இந்தக் கித்தாரைத் தூக்கிக் கொடுத்தவன் யார்? காளியண்ணன் என்கிற முகம் ஒரே நாளில் அவருக்கு வாசலில் காகிதத்தோடு வந்து நிற்கிற ஆளின் முகமாகிவிட்டது.

வாய்விட்டுக் கேட்கவில்லை. பொறி வைத்தார்; கச்சேரி இல்லாத மூன்று வியாழக்கிழமையும் ஏதோ சாக்குச் சொல்லிப் பெட்டியை மாடசாமி வீட்டுக்கு அனுப்பி வரவழைத்தார். பூட்டின் மேல் மனைவி செல்லம்மாவின் தலைமுடி ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டினார். போய்வந்த பெட்டியில் முடி இல்லை. ராணுவத்தான் திறக்கச் சொல்லியிருப்பான் என்று காளியண்ணன் பக்கம் நின்று ஒரு குரல் சொல்லிற்று, அதை அடக்கினார். முறுக்காணிகளில் பென்சில் கோடு போட்டு அனுப்பினார். கோடுகள் போட்ட இடத்திலேயே இருந்தன. திருப்பிவிட்டுத் திரும்பக் கோட்டுக்குக் கொண்டுவந்து வைக்கிற அளவுக்குக் கெட்டிக்காரன் என்று அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார். கடைசியாக, நாலு தேயிலைப் பைகளையும் தொழிற்சாலைத் தராசில் வைத்து எடை பார்த்து அனுப்பினார். இருநூறு கிராம் போனது, இருநூற்றுப் பதின்மூன்று கிராமாகத் திரும்பி வந்தது.

இது அவரைத் தூங்கவிடவில்லை. நல்ல தேயிலையை எடுத்துக்கொண்டு மட்டமான தூளைப் போட்டிருக்கிறார்கள் என்று செல்லம்மாவிடம் சொன்னார். பகலெல்லாம் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து காலில் அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, திருடறவன் கொறைச்சுத்தான வைப்பான்? கூடவா வச்சிட்டுப் போவான்?"

"அங்கதான் அவன் மூளை."

"யாரு மூளை?"

அவர் கோலா தெர்லாப் பக்கம் பார்த்தார். செல்லம்மாவுக்கு யார் என்று புரிந்துவிட்டது. "வேணாம்ங்க. நம்ம சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கோஸ இறக்கி வச்சிட்டுத் தூக்கிட்டுப் போனவரு" என்றாள். அதுகூட அந்த நேரத்தில் அவருக்கு வேறு விதமாகத்தான் கேட்டது. அவ்வளவு நல்லவனாக இருப்பானேன்?

பொங்கல் கலைவிழாவுக்கு மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, வியாழக்கிழமை காலையில் தோட்டத்து முனையில் பெட்டியோடு தானும் நின்றார். தானும் லோரியில் வருவதாகச் சொன்னார். காளியண்ணன் முகம் மலர்ந்தது. "இத்தன வருஷத்துல இப்பத்தான் தைரியம் வந்துச்சா?" என்று கேட்டு, கதவைத் திறந்துவிட்டான். பெட்டியை மேலே ஏற்ற நாகரத்தினம் விடவில்லை. முன்சீட்டில் தன் முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். அவன் கையில் இருந்த சாவியையும் கேட்டு வாங்கி அரைஞாணில் முடிந்துகொண்டார். காளியண்ணன் வண்டியை எடுத்தான். ரிங்லெட் தாண்டும்வரை அவன் மட்டும் பேசிக்கொண்டு வந்தான்.

கீழே இறங்கும் சாலையில் ஒரு வளைவில் முனியாண்டிக் கல் உண்டு. மலையில் வண்டி ஓட்டுகிற நம்மவர் யாரும் அங்கே நிற்காமல் போகமாட்டார்கள். ஒரு சூடம், ஒரு எலுமிச்சம்பழம். அந்தக் கல்லின் முன்னால் ஓட்டுநர்கள் பொய் சொல்வதில்லை. பொய் சொன்னவன் அடுத்த வளைவைப் பார்க்கமாட்டான் என்பது பேச்சு. காளியண்ணன் வழக்கம்போல் இறங்கிச் சூடம் ஏற்றினான். நாகரத்தினமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டே இறங்கினார்.

"காளி, அத அணைச்சு ஒரு சத்தியம் பண்ணு" என்றார்.

"என்னன்னு?"

"என் பெட்டிய நீயோ உன் மச்சினனோ தொடலைன்னு."

காளியண்ணன் அவரைப் பார்த்தான். பிறகு குனிந்து, எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். "திறந்து காட்டச் சொன்னப்ப திறந்தேன். மூடினேன். அதுக்கு மேல ஒன்னுமில்ல" என்றான். கையைத் துடைக்காமலேயே போய் ஸ்டியரிங்கைப் பிடித்தான். ஒரு மனிதனைச் சந்தேகப்பட்டு, அவன் தினமும் உயிரை ஒப்படைத்துப் போகிற கல்லின் முன்னால் சூடம் அணைக்க வைப்பது என்னவென்று நாகரத்தினத்துக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கேட்டார்.

கால் மணி நேரத்தில் ராணுவம் மறித்தது. துப்பாக்கியோடு வந்த மலாய்ச் சிப்பாய் முன்சீட்டில் நெட்டுக்குத்தலாக நின்ற பெட்டியைப் பார்த்தான். "புக்கா" என்றான், திற என்று. நாகரத்தினம் அரைஞாண் முடிச்சை இழுத்தார்; முடிச்சு அவிழவில்லை. சிப்பாய் அட்டையைக் கேட்டான். சிவப்பைப் பார்த்ததும் இன்னொருவனைக் கூப்பிட்டான். காளியண்ணன் இறங்கி வந்தான். மலாயில் நிதானமாகப் பேசினான். இவர் என் கூட்டாளி, ஒரே லயத்தில் வளர்ந்தோம், தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர், இவருக்கு நான் பொறுப்பு, என் அட்டையையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றான். சூட்டில் சிவந்த உள்ளங்கையில் நீல அட்டையை வைத்து நீட்டினான். பெட்டி திறக்கப்பட்டது. நாலு கம்பிகளைப் பார்த்துச் சிப்பாய் சிரித்தான். போகலாம் என்றான்.

வண்டியில் ஏறியதும் நாகரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பெட்டிய நல்லாப் பிடிச்சுக்க" என்று மட்டும் சொன்னான் காளியண்ணன்.

ஈப்போவில் அவரை இறக்கிவிட்டு அவன் சரக்கோடு கோலாலம்பூருக்குப் போய்விட்டான். மாடசாமி வீட்டில் நாகரத்தினம் இரண்டு நாள் பெட்டியைக் காவல் காத்தார். குளிக்கப் போனால் குளியலறை வாசலில் பெட்டி. படுத்தால் தலைமாட்டில் பெட்டி. மாடசாமி கேலிக்காரன். சாப்பாட்டு நேரத்தில், "அண்ணே, பெட்டிக்கும் ஒரு எலை போடவா?" என்றான். அவன் சிரிப்பில் கள்ளம் இருக்கிறதா என்று இவர் தேடினார்.

சனிக்கிழமை மத்தியானம் பெட்டியைத் தன் கையால் திறந்தார். ராணுவத்தான் பார்வைக்குத் திறந்ததைத் தவிர அது திறக்கப்படவே இல்லை. ஒருவர் நிழலும் அதன் மேல் விழவில்லை. கம்பியைத் தட்டினார்.

கரகரவென்றது.

யாரையும் சந்தேகப்பட முடியாத ஒரு நிலைமை அவருக்கு வாழ்க்கையிலேயே அன்றுதான் வந்தது. வேறு வழியில்லாமல் கித்தாரைத் தூக்கிக் கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். ஒற்றைக் கண்ணை மூடினார். நூல் பிடித்ததுபோல் இருந்த கழுத்து பின்பக்கமாக வளைந்து, வில்லாக நின்றது. நடுவில் மெட்டுகள் மேடேறிக் கம்பிகளை முட்டிக்கொண்டிருந்தன.

தேயிலைப் பை ஒன்றைக் கையில் எடுத்தார். புதன்கிழமை மணல்போல மொறுமொறுத்த தேயிலை, விரலுக்குள் சொதசொதவென்று அமுங்கியது. கூடிய பதின்மூன்று கிராம் என்னவென்று அப்போது தெரிந்தது. ஈயத்தாள் ஒட்டி, காற்றுப் புகாமல் மூடிய பெட்டி. உள்ளே குடிக்க ஈரம் இல்லாத தேயிலை வேறு எதைக் குடிக்கும்? மரத்தைத்தான் குடித்திருக்கிறது. அதுவும் வார்னிஷ் போட்டு மூடியிருந்த மரமல்ல. அவரே கண்ணாடிச் சில்லால் சுரண்டி வாயைத் திறந்துவிட்ட மரம். மலைக்குத் திரும்பிச் சுவரில் தொங்கியதும் மூடுபனி இறங்கி, குடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஐந்து கச்சேரியிலும் கித்தாரைக் கெடுத்த ஆள் யார் என்று அவருக்கு இனி எந்தச் சந்தேகமும் இல்லை.

பிட்டர் கை அல்லவா, அது தானாக வேலை செய்தது. நாலு பைகளையும் வெளியே கொட்டினார். கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியின் நுனியிலிருந்த நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார். மாடசாமி குளியலறையில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஈரத்துணி கட்டி, அதன் பக்கத்தில் கித்தாரை நாலு மணி நேரம் தொங்கவிட்டார். அன்று மாலை மேடையில் அது அடிவயிற்றிலிருந்து பேசிற்று. அர்ஜுனன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் பாராட்டு. இடம் தப்பியது. ஆனால் ஒவ்வொரு கம்பியைத் தொடும்போதும் அவர் கண்ணில் நின்றது சூடத்தின் மேல் அழுத்திய ஓர் உள்ளங்கை.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் கோலா தெர்லாவுக்குப் போனார். காளியண்ணன் கோஸைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"தொட்டவனப் புடிச்சிட்டியா?" என்று திரும்பாமலே கேட்டான்.

"புடிச்சிட்டேன்."

"யாரு?"

நாகரத்தினம் பையிலிருந்து ஊறிப்போன தேயிலையை எடுத்துக் கூடையின் விளிம்பில் வைத்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சுரண்டியதைச் சொன்னார், முடி ஒட்டியதைச் சொன்னார், எடை போட்டதையும் சொன்னார். காளியண்ணன் முடியும்வரை கேட்டான். தேயிலையை எடுத்து முகர்ந்தான்.

"மன்னிச்சிரு காளி."

"கித்தார மன்னிக்கலாம், ரத்தினம். அது மரம்" என்றான். அடுத்த கூடையை இழுத்தான்.

அதன் பிறகும் குழுவின் சாமான்கள் வியாழக்கிழமை அவன் லோரியில்தான் போயின. ஸ்பீக்கர், ஆம்ப்ளிபையர், தபேலா எல்லாம் ஏறும். நாகரத்தினத்தின் பெட்டி மட்டும் தரையில் நிற்கும். "அது ஒன்ன நீயே கொண்டாந்துரு" என்பான். சண்டை இல்லை, நலம் விசாரிப்பான், பிள்ளைகளுக்குத் தக்காளி கொடுத்தனுப்புவான். ஆறு வருடம் நாகரத்தினம் அந்தப் பெட்டியோடும் சிவப்பு அட்டையோடும் பஸ்ஸில் போனார். மறித்த ஒவ்வோர் இடத்திலும் சிப்பாய் கேட்பதற்கு முன்னால் தானே மூடியைத் திறந்தார். எண்பத்திரண்டில் நீல அட்டை கிடைத்த பிறகும் அந்தக் கை முன்கூட்டியே திறப்பதை விடவில்லை.

எண்பத்து நாலில் காளியண்ணன் மகளுக்குக் கல்யாணம், ஈப்போவில். பாக்கு வைக்க வந்தவன், குழு வாசிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வியாழக்கிழம பெட்டிய முனையில வச்சிரு" என்றான். எந்தப் பெட்டி என்று நாகரத்தினம் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே பூட்டைத் திருகிக் கழற்றி எறிந்தார். இரண்டு கொக்கிகள் மட்டும் விட்டார். தேயிலை இல்லை, ஒன்றுமில்லை. வியாழக்கிழமை காளியண்ணன் பெட்டியைத் தன் கையால் தூக்கி, கோஸ் கூடைகளுக்கு மேலே வைத்து, லோரிக்காரன் முடிச்சுப் போட்டுக் கட்டினான். சனிக்கிழமை நாகரத்தினம் கையை வீசிக்கொண்டு பஸ்ஸில் போனார். வழி முழுக்க மடியில் என்னவோ குறைந்தது.

கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் பெட்டி இருந்தது. கொக்கியில் கை வைத்ததும், தன்னை அறியாமல் அதைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். ஓர் ஓரத்தில் மண் ஒட்டியிருந்தது. தோட்டத்துச் செம்மண். இவர் அனுப்பும்போது அது இல்லை. மூடியைத் தூக்கினார்.

உள்ளே, கித்தாரின் கழுத்துக்குப் பக்கத்தில், மடங்காமல் விரித்து வைத்த ஒரு பெரிய கோஸ் இலை இருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை. ஓரம் மட்டும் லேசாக வாடியிருந்தது.

பத்து வருடத்தில் காளியண்ணன் தானாகப் பெட்டியைத் திறந்தது இதுதான் முதல் தடவை. மரத்தின் தாகத்துக்கு வைத்தானா, குத்திக்காட்ட வைத்தானா? நாகரத்தினம் கித்தாரை எடுத்து ஒற்றைக் கண்ணை மூடிக் கழுத்தைப் பார்த்தார். நேராக இருந்தது. அதன் நுனிக்கு அப்பால், மண்டப வாசலில் காளியண்ணன் வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வேண்டுமென்றுதான் திரும்பாமல் நிற்கிறானோ என்று நாகரத்தினத்துக்கு ஒரு சந்தேகம். இலையை எடுக்காமல் மூடியைச் சாத்திவிட்டு மேடையேறினார்.